மோடத்துக்குப் போகும் ஒயரில் ஒரு ஸ்ப்ளிட்டர்: எது தாங்கும், எது கெடுக்கும்

கேபிள் வழியாக இணையம் வரும் வீட்டில் வீடியோ அழைப்பு திக்கித் திக்கி நின்றாலோ, மோடம் தானாகவே ரீஸ்டார்ட் ஆனாலோ, உடனே மோடத்தையோ வைஃபையையோதான் திட்டுகிறோம். டிவிக்குப் பின்னால் தூசி படிந்து தொங்கும் கோஆக்ஸியல் ஸ்ப்ளிட்டரை, அதாவது ஒரு கேபிளைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சின்னப் பெட்டியை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் கிடைக்கும் ஸ்ப்ளிட்டர்களில் எது மோடத்துக்குத் தகும், எதைத் தொடவே கூடாது என்று இங்கே வகைவகையாகப் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 5–1002 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட, பின்தகட்டைச் சுற்றிலும் ஈயம் பற்றவைத்து மூடிய இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்று. அது கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கட்டும். அதன் ஒரு கால் (வெளியே பிரியும் கிளை) நேரே மோடத்துக்குப் போகட்டும், இன்னொரு காலில் டிவிக்கான மற்ற எல்லாப் பிரிவுகளும் தொங்கட்டும். மோடத்தின் பாதையில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ஸ்ப்ளிட்டர் போட்டால் இணைய வேகம் பாதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை. பாதியாவது சிக்னலின் திறன். திறன் பாதியானால் 3 டெசிபெல் குறைவு. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் தன் பங்குக்கு இன்னும் அரை டெசிபெல் தின்கிறது. அதனால்தான் இருவழி ஸ்ப்ளிட்டரின் இரண்டு வாய்களிலும் (கேபிள் மாட்டும் இடங்களிலும்) 3.5 என்று பொறித்திருக்கிறார்கள். நான்குவழியில் ஒவ்வொரு வாய்க்கும் 7, எட்டுவழியில் 11 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். மோடத்துக்குத் தேவையான அளவுக்குள் சிக்னல் இருக்கும்வரை வேகம் ஒரு துளியும் குறையாது. அந்த எல்லையைத் தாண்டியதும் மெல்லக் குறைவதில்லை, சட்டென்று பிழைகள் குவியத் தொடங்கும்.

பலர் தவறவிடும் இடம் அப்ஸ்ட்ரீம், அதாவது மோடம் வெளியே அனுப்பும் பக்கம். ஸ்ப்ளிட்டர் இருபக்கமும் வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் சிக்னல் 7 டெசிபெல் குறைந்தால், மோடம் வெளியே அனுப்புவதும் போகும் வழியில் அதே 7 டெசிபெல் குறைகிறது. ஆனால் மறுமுனையில் இருக்கும் கேபிள் நிறுவனத்தின் கருவி, எல்லா வீட்டு மோடமும் ஒரே அளவில் வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. குறைந்தால் "இன்னும் சத்தமாகப் பேசு" என்று மோடத்துக்கு உத்தரவு போகும். மோடமும் கூட்டும், கூட்டிக்கொண்டே போகும், கடைசியில் அதன் உச்சத்தில் போய் முட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ப்ளிட்டரே இல்லாமல் ஒரு மோடத்தில் டவுன்ஸ்ட்ரீம் (மோடத்துக்கு வரும் பக்கம்) +2 டிபிஎம்வி (சிக்னல் பலத்தின் அளவு), அப்ஸ்ட்ரீம் 44 டிபிஎம்வி என்று வைத்துக்கொள்வோம். இருவழி போட்டால் முறையே −1.5, 47.5. இன்னும் நிம்மதியான இடம்தான். நான்குவழி போட்டால் −5, 51. டவுன்ஸ்ட்ரீம் இப்போதும் நன்றாகவே இருக்கிறது. வேகச் சோதனையில் இறக்கும் வேகம் முழுதாகக் காட்டும். ஆனால் நான்கு அப்ஸ்ட்ரீம் சேனல்களைச் சேர்த்து ஓடும் டாக்சிஸ் 3.0 (கேபிள் இணையத்துக்கான தொழில்நுட்ப விதிமுறை) மோடத்துக்கு, 64 குவாம் என்ற தகவலைச் சிக்னலில் ஏற்றும் முறையில், ஒரு சேனலுக்குச் சுமார் 51 டிபிஎம்விதான் உச்சம். வெயிலில் வெளிக்கேபிள் சூடேறி இழப்பு கொஞ்சம் கூடினாலே போதும், மோடம் போட வேண்டிய குரலைப் போட முடியாமல் திணறும். படம் பார்க்கையில் ஒன்றும் தெரியாது. வீடியோ அழைப்பில் எதிர்முனையில் இருப்பவருக்கு மட்டும் உங்கள் முகம் உறைந்து நிற்கும். "டவுன்லோடு சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இதை ஊகிக்கவே தேவையில்லை, மோடமே சொல்கிறது. பெரும்பாலான கேபிள் மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் நிலைப் பக்கம் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர் −7க்கும் +7க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. விதிப்படி −15 முதல் +15 வரை மோடம் தாங்க வேண்டும், ஆனால் விளிம்பில் வாழ்வது நல்லதல்ல. எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 256 குவாம் சேனல்களில் 33 டெசிபெலுக்கு மேல் இருக்க வேண்டும். 36க்கு மேல் இருந்தால் திருப்தி. அப்ஸ்ட்ரீம் பவர் 35 முதல் 48 வரை நல்லது, 50 தொட்டால் எச்சரிக்கை. இவற்றோடு பிழைக் கணக்கையும் பாருங்கள். திருத்த முடிந்த பிழைகள் கொஞ்சம் இருப்பது சகஜம். திருத்த முடியாத பிழைகள் மணிக்கு மணி ஏறினால் ஏதோ கோளாறு இருக்கிறது. இந்தக் கணக்கு மோடம் ஆன் ஆனதிலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. எனவே ஸ்ப்ளிட்டரை மாற்றியதும் மோடத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 24 மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள். மோடத்தின் பதிவேட்டில் டி3 டைம்அவுட் (மோடம் அனுப்பியதற்குப் பதில் வராமல் போவது) வரிசையாக வந்தால் சந்தேகம் அப்ஸ்ட்ரீம் மேல் விழ வேண்டும்.

இனி வகைகள்.

கேபிள் நிறுவனத்து ஆட்கள் கொண்டுவரும் தரமான இருவழி ஸ்ப்ளிட்டர்தான் முதல் தேர்வு. ஆண்ட்ரானிக்ஸ், ஹாலண்ட், காம்ஸ்கோப் போன்ற பெயர்களில் வருபவை இந்த ரகம். கையில் எடுத்தாலே கனம் தெரியும், துத்தநாக வார்ப்பு உடல். பின்பக்கத் தகட்டைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஈயக்கோடு ஓடும். திறந்து பார்த்தால் நகத்தளவு ஃபெரைட் (காந்தமேறக்கூடிய பீங்கான் போன்ற பொருள்) கட்டிகள் இரண்டு, அவற்றின் துளைகளில் மயிரிழை போன்ற எனாமல் கம்பி ஒன்றிரண்டு சுற்று. ஒரு டிரான்ஸ்பார்மர் சிக்னலை இரண்டாகப் பிரிக்கிறது. இன்னொன்று, பிரித்ததால் 37.5 ஓமாக இறங்கிவிட்ட மின்தடையை மறுபடி 75 ஓமுக்கு ஏற்றுகிறது. இரண்டு வெளிவாய்களுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். ஒவ்வொரு வாயிலும் ஒரு சின்ன கெப்பாசிட்டர்.

அந்த ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான் தரமானதையும் மலிவானதையும் பிரிக்கும் கோடு. ரெசிஸ்டர் இருப்பதால்தான் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு சிக்னல் தாவாமல் தடுக்கப்படுகிறது. மோடம் 45 டிபிஎம்வியில் கத்துகிறது. வாய்களுக்கிடையே 25 டெசிபெல் தடுப்பு இருந்தாலும் பக்கத்து வாயில் உள்ள டிவி பெட்டிக்கு 20 டிபிஎம்வி கசிந்து போகும். டிவி பெட்டிக்கு வரும் சொந்தச் சிக்னலே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய 5–42 மெகாஹெர்ட்ஸ் அப்ஸ்ட்ரீமில் இந்தக் கசிவை டிவி பெட்டியின் வடிகட்டி தள்ளிவிடும். அப்ஸ்ட்ரீமை 85க்கோ 204 மெகாஹெர்ட்ஸுக்கோ உயர்த்திய லைன்களில், பழைய டிவி பெட்டி கேட்கும் பகுதிக்குள்ளேயே மோடம் கத்தும். அங்கே தடுப்பு குறைந்த ஸ்ப்ளிட்டர் டிவி படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும். இன்னொன்று: இந்தத் தடுப்பு, உள்வாயில் கேபிள் ஒழுங்காகப் பொருந்தியிருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். உள்வாய்க் கனெக்டர் தளர்ந்திருந்தால் மோடத்தின் சிக்னல் அங்கே மோதித் திரும்பி மறுவாய்க்குப் போய்விடும்.

கெப்பாசிட்டரின் வேலை வேறு. கேபிளில் திருட்டுத்தனமாக வரும் மின்சாரம் ஃபெரைட்டைக் காந்தமாக்கிவிடாமல் அது தடுக்கிறது. ஃபெரைட் காந்தமேறினால் மோடத்தின் பலத்த அப்ஸ்ட்ரீம் சிக்னல் அங்கே சிதைந்து, இரண்டு மடங்கு மூன்று மடங்கு அதிர்வெண்களில் குப்பையாக டவுன்ஸ்ட்ரீமில் விழும். இடி மின்னலுக்குப் பிறகு பழைய ஸ்ப்ளிட்டர் காரணமே தெரியாமல் மோசமாகிப் போவதற்கு இதுவும் ஒரு வழி. பார்வைக்கு எந்த மாற்றமும் இருக்காது. சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே சரி.

தங்க முலாம் பூசி 5–2400 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டு விற்கும் ஸ்ப்ளிட்டரைக் கண்டு மயங்க வேண்டாம். எண் பெரிது என்பதால் தரம் உயராது. அந்த அகலம் டிஷ் ஆன்டெனாவுக்கு வேண்டியது. கேபிள் மோடத்துக்கு 1002, டாக்சிஸ் 3.1 முழு அகலத்தில் ஓடும் லைனில் 1218 மெகாஹெர்ட்ஸ் வரை போதும். இத்தனை பெரிய அகலத்தை ஒரே ஃபெரைட்டில் சமாளிக்கும்போது, மோடத்துக்கு முக்கியமான 5 முதல் 42 வரையிலான அடிப்பகுதியில்தான் பெரும்பாலும் தரம் இறங்குகிறது. பின்தகடு ஒட்டியோ அமுக்கியோ வைத்திருந்தால் வெளி ரேடியோ சிக்னல் உள்ளே புகும். 700 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் செல்போன் சிக்னலும், அப்ஸ்ட்ரீம் பகுதியில் வீட்டு மின்கருவிகளின் இரைச்சலும் இப்படித்தான் நுழைகின்றன. அப்ஸ்ட்ரீமில் நுழைந்த இரைச்சல் உங்கள் வீட்டோடு நிற்காது. அந்தத் தெருவின் எல்லா வீட்டு இரைச்சலும் ஒரே புனலில் சேர்வதால் அக்கம்பக்கத்து மோடங்களும் அடிவாங்கும்.

இதைவிட மோசம், பழைய டிவி ஆன்டெனா ஸ்ப்ளிட்டர். 40–900 என்றோ 54–890 என்றோ எழுதியிருந்தால் அதன் வேலை 40க்குக் கீழே உத்தரவாதமில்லை. அடையாளம் எளிது: மோடத்தில் டவுன்ஸ்ட்ரீம் விளக்கு நிலையாக எரியும், அப்ஸ்ட்ரீம் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். 950லிருந்து தொடங்கும் டிஷ் ஸ்ப்ளிட்டராக இருந்தால் இதுவும் நடக்காது, ஒரு விளக்கும் நிலைக்காது. டிப்ளெக்ஸர் என்று ஒன்று உண்டு. உருவத்தில் அச்சு அசல் இருவழி ஸ்ப்ளிட்டர்தான், ஆனால் ஒரு வாய் ஆன்டெனாவுக்கும் மற்றது டிஷ்ஷுக்கும் என அதிர்வெண்ணைப் பிரிப்பது. பழைய பெட்டியில் கிடந்ததை எடுத்து மாட்டுமுன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மூவழியில் இரண்டு ரகம். எல்லா வாயிலும் 5.5 என்று போட்டிருந்தால் சமமானது. ஒன்றில் 3.5, மற்ற இரண்டில் 7 என்றிருந்தால் சமமற்றது. உண்மையில் அது ஓர் இருவழிக்குள் இன்னோர் இருவழி. ஒரு மோடமும் இரண்டு டிவியும் உள்ள வீட்டுக்குச் சமமற்றதுதான் பொருத்தம், 3.5 வாய் மோடத்துக்கு. பல வீடுகளில் அந்த நல்ல வாய் டிவிக்குப் போய், 7 வாயில் மோடம் தொங்குகிறது. இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் காசு செலவில்லாமல் 3.5 டெசிபெல் கைக்கு வரும்.

நான்குவழியையும் எட்டுவழியையும் மோடத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நாலு டிவி இருந்தால் முதலில் இருவழி, அதன் ஒரு கால் மோடத்துக்கு, மறுகாலில் நான்குவழி. டிவிக்கு 10.5 டெசிபெல் இழப்பு; டிவி பெட்டிகள் பெரும்பாலும் இதைப் பொறுத்துக்கொள்ளும்.

வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் மோடத்துக்காகவே செய்தது போன்ற பொருள் ஒன்று உண்டு: டைரக்ஷனல் கப்ளர். தொழிலில் இருப்பவர்கள் டேப் என்பார்கள். இதன் நேர்வாயில் ஒன்று முதல் இரண்டு டெசிபெல்தான் போகும், பக்கவாயில் 6, 9, 12 என்று அச்சிட்ட அளவுக்குக் குறையும். மோடத்தின் அப்ஸ்ட்ரீம் ஏற்கெனவே 48ல் நிற்கிறது, டிவிக்கு வரும் சிக்னல் தாராளம் என்றால், 9 டெசிபெல் டேப் ஒன்றைப் போட்டு நேர்வாயை மோடத்துக்குக் கொடுங்கள். இருவழி ஸ்ப்ளிட்டரைவிட இரண்டு டெசிபெல்லுக்கு மேல் மிச்சம். உள்வாய், நேர்வாய், பக்கவாய் மூன்றையும் குழப்பினால் மட்டும் எல்லாம் தலைகீழாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தெருப் பெட்டிக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளில் டவுன்ஸ்ட்ரீம் +12, அப்ஸ்ட்ரீம் 32 என்று இருப்பதைக் காணலாம். அங்கே ஸ்ப்ளிட்டர் போட்டால் மோடம் மேம்படும்: டவுன்ஸ்ட்ரீம் +8.5க்கு இறங்கும், அப்ஸ்ட்ரீம் 35.5க்கு ஏறி இரைச்சலுக்கு மேலே வரும். டிவியே இல்லாத வீட்டிலும் இதற்காகவே இருவழி போட்டு, மறுவாயை 75 ஓம் டெர்மினேட்டரால் (சிக்னல் திரும்பாமல் உறிஞ்சும் மூடியால்) மூடுவது உண்டு. சிக்னலைக் குறித்த அளவு குறைக்கும் நிலையான அட்டென்யூவேட்டர் கிடைத்தால் அதுவே நேர்த்தி.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சிக்னல் குறைவு என்றதும் இதைத்தான் வாங்கத் தோன்றும். ஆனால் ஆம்ப்ளிஃபையர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது, தன் இரைச்சலையும் கூட்டுகிறது; கெட்டுப்போன எஸ்என்ஆரைத் திருப்பித் தர அதனால் முடியாது. அப்ஸ்ட்ரீமுக்குத் திரும்பும் பாதை இல்லாத மாடல் மோடத்தை முற்றாக நிறுத்திவிடும். பாதை இருந்தாலும் அது 42 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறதா, 85 வரை போகிறதா என்று பாருங்கள். லைன் உயர்த்தப்பட்ட பிறகு பழைய ஆம்ப்ளிஃபையர் புதிய அப்ஸ்ட்ரீம் சேனல்களை மட்டும் விழுங்கிவிடும். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், மின்சாரம் போனாலும் வேலை செய்யும் பாஸிவ் வாய் ஒன்று உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, அந்த வாயில் மோடத்தை மாட்டுங்கள்.

பொருளை விட மாட்டும் விதத்தில்தான் பாதிக்கு மேல் கோளாறு வருகிறது. ஆர்ஜி6 (வீடுகளில் ஓடும் கோஆக்ஸ் ரகம்) கேபிளின் முனையைச் சீவும்போது நடுக்கம்பி 6 மில்லிமீட்டர், அதன் கீழ் வெள்ளை நுரை 6 மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். கம்ப்ரஷன் கனெக்டரை (கருவியால் அழுத்தி இறுக்கும் ரகம்) தள்ளியதும் வெள்ளை நுரையின் மட்டம் கனெக்டரின் உள்தரையோடு சரியாக நிற்க வேண்டும். பள்ளமாகத் தெரிந்தால் இன்னும் தள்ளுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டினால் சரி. குட்டையாக இருந்தால் ஸ்ப்ளிட்டருக்குள் இருக்கும் கவ்வியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வீடு சூடாகிக் குளிரும்போது இணைப்பு வந்து போகும். பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டால் போதும், மொத்த லைனும் ஷார்ட். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டுங்கள். கேபிள் முனையில் திருகி ஏற்றும் கனெக்டரும், வாயில் சும்மா செருகும் கனெக்டரும் மோடத்தின் பாதையில் வேண்டவே வேண்டாம்.

கையால் இறுகத் திருகிய பிறகு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு முறுக்கு. விரலால் மட்டும் திருகி விட்டால் நாளடைவில் தளரும், தளர்ந்த கனெக்டர்தான் இரைச்சல் உள்ளே வரும் முதல் வாசல். சுவர்ப் பலகையிலும் மோடத்தின் பின்னாலும் ஸ்பேனரை அளவோடு பயன்படுத்துங்கள், அந்த வாய்கள் பிளாஸ்டிக்கிலோ சர்க்யூட் போர்டிலோ நிற்பவை.

காலியாக விட்ட வாய்களை 75 ஓம் டெர்மினேட்டரால் மூட வேண்டும். மூடாத வாயில் சிக்னல் முட்டித் திரும்பும், திறந்த வாய் வழியே இரைச்சலும் புகும். தொலைவில் சுவரில் முடிந்து எதுவும் மாட்டாத கேபிளும் மூடாத வாய்தான். அதை ஸ்ப்ளிட்டரிலிருந்தே கழற்றிவிட்டு, டெர்மினேட்டரை ஸ்ப்ளிட்டரில் மாட்டுவது நல்லது. காலி வாய்கள் அதிகம் என்றால் ஸ்ப்ளிட்டரே சின்னதாக வேண்டும் என்று அர்த்தம்.

தலைகீழாக மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. வெளிக்கேபிள் வெளிவாயில், மோடம் உள்வாயில் இருந்தால் மோடம் வேலை செய்யும், 3.5 இழப்போடு. ஆனால் மறு வெளிவாயில் உள்ள டிவிக்கு 20 டெசிபெலுக்கு மேல் குறையும். "இணையம் வருது, டிவி மட்டும் வரல" என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கோஆக்ஸ் ஒயரிலேயே வீட்டு நெட்வொர்க் ஓட்டும் மோக்கா கருவிகள் இருந்தால் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை குறித்த ஸ்ப்ளிட்டர் தேவைப்படும், நுழைவில் மோக்கா வடிகட்டியும் வேண்டும். அந்த வடிகட்டி 1002க்கு மேல் வெட்டிவிடும். உங்கள் லைனில் டாக்சிஸ் 3.1 அதற்கு மேலும் ஓடுகிறதென்றால் மோடத்தின் கால் பிரிந்த பிறகு, மோக்கா பக்கத்துக் காலில் வடிகட்டியை மாட்டுங்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு மோடம் மாட்டினால் இரண்டு இணைப்பா? இல்லை. ஒவ்வொரு மோடமும் நிறுவனத்தில் தனியாகப் பதிவாகி, தனிக் கணக்கில் இருந்தால்தான் எழும். பல கணினிகளுக்குப் பிரிக்க வேண்டுமானால் அது மோடத்துக்குப் பிறகு ரவுட்டரும் ஸ்விட்சும் செய்யும் வேலை.

எல்லாம் சரிசெய்த பிறகும் எண்கள் தேறவில்லை என்றால் ஒரு கடைசிச் சோதனை. நுழைவிடத்தில் ஸ்ப்ளிட்டரைக் கழற்றி, எஃப்-81 ஜாயிண்டரால் வெளிக்கேபிளையும் மோடத்துக்குப் போகும் கேபிளையும் நேரே இணைத்து ஒரு நாள் விடுங்கள். அப்ஸ்ட்ரீம் 3.5 இறங்கி பிழைகளும் நின்றால் குற்றம் வீட்டுக்குள். முடிந்தால் மோடத்தையே நுழைவிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு மீட்டர் புதுக் கேபிளில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் 50க்கு மேல் நின்றால் கோளாறு வெளிக்கேபிளிலோ தெருப் பெட்டியிலோ இருக்கிறது. அந்த நிலைப் பக்கத்தை நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொண்டு நிறுவனத்தை அழையுங்கள். வருபவரிடம் "ஸ்ப்ளிட்டர் இல்லாமல் எடுத்த எண் இது" என்று காட்டினால், அவர் வீட்டுக்குள் தேடி நேரத்தைப் போக்காமல் நேரே தெருப் பெட்டியைத் திறப்பார்.